லாரி என்று எழுதிய நடுக்கங்கள்

பாலம் பழுதென்று சாலையை மூடி மூன்று நாளாகிறது. லாரியை விடுங்கள், ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. ஆனாலும் நிலநடுக்கமானி நாற்பத்தொரு தடவை துள்ளியிருந்தது.

நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் அந்தக் கருவியைப் பார்ப்பவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐந்து நொடிக்குக் குறைந்த நடுக்கமா, பக்கத்துச் சாலையில் போன லாரிதான், அடித்துவிடு என்பது அங்கே வழக்கம். ஆறு மாதமாகத் தன் கையாலேயே ‘லாரி, லாரி’ என்று எழுதி அடித்திருந்தாள். கண்ணை எங்கே வைத்திருந்தாளோ! லாரி போனால் கோடு மெல்லப் பெருத்து மெல்லத் தேயும். பூமி நடுங்கினால் முதலில் ஒரு சின்ன உதறல், அடுத்த நொடி பெரிய உதறல். பழைய தாள்களைப் புரட்டினாள். எல்லாமே ரெட்டை உதறல்.

அதிகாரியிடம் ஓடினாள்.

“லாரி இல்லன்னா காத்தா இருக்கும்மா. சும்மா பீதியக் கிளப்பாத.” தாளை அவர் தொடக்கூட இல்லை.

“உங்க பிள்ளை அந்த விரிசல் விட்ட பள்ளிக்கூடத்துல படிச்சா காத்துன்னு சொல்வீங்களா சார்?”

ஊரிலுள்ள ஆலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிச் சுவரில் விரல் நுழையும் விரிசல். அதன் ஓரத்தில்தான் அவள் மகள் உட்காருகிறாள். தாள்கட்டை அள்ளிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு, நேரே ஆலைக்குப் போனாள். அங்கே கழிவுநீரை ஆழ்துளைக்குள் தள்ளும் பம்பை ஓட்டுவது அவளுடைய அண்ணன். பம்பு ஓடத் தொடங்கியும் ஆறு மாதம்தான்.

“அண்ணா, அத நிறுத்து!”

“பைத்தியமா உனக்கு? தண்ணி ரெண்டு கிலோமீட்டர் கீழ போகுது. மேல இருக்கிறவனுக்கு என்ன கேடு?”

“கீழ பாறைல பழைய பிளவு இருக்கு. ரெண்டு பக்கமும் நகரத்தான் பாக்குது. ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கிறதால முடியல. நீ தண்ணிய அழுத்த அழுத்த அந்தப் பிடி தளருது, சடார்னு வழுக்குது. அதான் நடுக்கம். இதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கியிருக்கு. மொத்தமா வழுக்கினா?”

“மேலேருந்து உத்தரவு வரணும்மா…”

“உன் மருமக அந்தச் சுவத்தோரம் உக்காந்திருக்கா. உத்தரவு வரலன்னு அவகிட்ட போய்ச் சொல்லு!”

அண்ணன் எழுந்து போய் வால்வை மூடினான்.

“நிறுத்திட்டேன். இனிமே ஆடாதுல்ல?”

“ஆடும். உள்ள போனது இன்னும் பரவிக்கிட்டே இருக்கும். மாசக்கணக்குல ஆடலாம், இதவிடப் பெருசாவும் ஆடலாம்.”

அண்ணன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதல் மாதமே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இத்தனை தண்ணீர் உள்ளே போயிருக்காதே!

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வழிமறித்தார். “பிள்ளைங்கள வெளிய அனுப்பணும்னா சும்மாவா? எழுத்துல ஏதாவது இருக்கா?”

அவள் தாள்கட்டை மேசைமேல் போட்டாள். “இருக்கு. இதுல லாரின்னு இருக்கிறதெல்லாம் பூமி ஆடினது. எழுதினது நான்தான். என்னை அப்புறம் திட்டுங்க.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய் மணியைத் தானே அடித்தாள். கடைசிப் பிள்ளை மைதானத்துக்கு வரும்வரை நிறுத்தவில்லை.