காசியில் விட்டது

காசிக்குக் கூட வந்த துரைக்கண்ணுவின் வீட்டுக் கங்கா பூஜைக்கு இரண்டரை மணிக்குப் போனால் பந்தி முடிந்திருக்கும், தீர்த்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் பாண்டுரங்கன் நினைத்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. "கங்கா தீர்த்தம் வாங்கப் போறவங்க வெறும் வயித்தோட போவணும்" என்று மனைவி ஆண்டாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முட்டிவலியால் காசிக்கு வர முடியாமல் போனவள் அவள். அவளுக்கென்று அவர் வாங்கிய கங்கைச் செம்பு ரயிலிலேயே மூடி கழன்று ஒழுகி, நாக்பூர் தாண்டுவதற்குள் பையிலிருந்த வேட்டிகள் எல்லாம் புண்ணியம் தேடிக்கொண்டன. "நம்ம செம்புல பாதி உங்களுக்கு சார், அம்மாவுக்குக் குடுக்காம நான் மட்டும் வச்சிக்குவனா?" என்று துரைக்கண்ணு அப்போதே சொல்லிவிட்டார்.

இருவரும் முப்பது வருஷம் செஞ்சி மின்வாரிய ஆபீசில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்று, ஒரே யாத்திரை ரயிலில் எதிரெதிர்ப் படுக்கையில் போய் வந்தவர்கள். பாண்டுரங்கன் ஊர், துரைக்கண்ணு காலனி. ஆபீசில் அது வெளியே தெரியாது. ஆனால் இந்த முப்பது வருஷத்தில் பாண்டுரங்கன் துரைக்கண்ணு வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட அட்சதை போட்ட கையோடு, லைனில் அவசர வேலை என்று கிளம்பி வந்துவிட்டார். துரைக்கண்ணு அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

காசியில் கங்கைக்குள் இறங்கப் பயந்தது பாண்டுரங்கன்தான். ஊர்ப்பக்கத்துச் சங்கராபரணி ஆற்றில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்து வளர்ந்தவர் அந்த வெள்ளத்தைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். துரைக்கண்ணு அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "முழுவுங்க சார், நான் புடிச்சினு இருக்கேன்." அந்தப் பிடியில்தான் மூன்று முழுக்கும் போட்டார்.

பிறகு, மனசுக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் கங்கையில் விட்டுவிட வேண்டும், ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார் யாத்திரைக்குக் கூட்டிவந்தவர். பாண்டுரங்கன் கொத்தவரங்காயையும் அத்திப்பழத்தையும் விட்டார். முன்னது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பின்னதை ஆயுசில் மூன்று தடவை கண்ணால் பார்த்திருப்பார். துரைக்கண்ணு இடுப்பளவுத் தண்ணீரில் வெகுநேரம் நின்றுவிட்டு, கத்தரிக்காயும் சீத்தாப்பழமும் என்றார். ராஜகிரி மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த வயதில், வீட்டில் உலை ஏறாத நாளெல்லாம் சீத்தாப்பழம்தான் அவருக்குச் சோறு.

"வேற எதனா உடக்கூடாதா தொரை?" என்று பாண்டுரங்கன் சிரித்தார்.

"புடிக்காதத உட்டா அது உடறதா சார்?"

திரும்பும் வழியெல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து வந்த சோற்றைத்தான் இருவரும் தின்றார்கள். விழுப்புரத்தில் இறங்கி செஞ்சி பஸ் ஏறியதும் பாண்டுரங்கன் தானாகவே வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று சும்மாவா சொன்னார்கள்?

இப்போது காலனியில் பந்தி முடிந்திருக்கவில்லை. தொடங்கவே இல்லை.

"நீங்க வராம எல போடவே வாணான்னுட்டாரு சார்" என்றாள் துரைக்கண்ணுவின் மனைவி மீனம்பாள். கூடத்தில் மஞ்சள் கயிறு சுற்றிய கங்கைச் செம்பு பூவோடு இருந்தது. பக்கத்திலேயே ஆண்டாளுக்கென்று பாதி ஊற்றி வைத்த சின்னச் செம்பு. துரைக்கண்ணு நெற்றி நிறைய விபூதியோடு வந்து உத்தரணியில் தீர்த்தம் விட, பாண்டுரங்கன் கையேந்திக் குடித்தார். கங்கைக்கு ஏது தீட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே எவ்வளவு கேவலம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மீனம்பாள் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். "ஒக்காருங்க சார். கொத்தவரங்கா சேக்கல. சார் காசியில உட்டுட்டாருன்னு பத்து வாட்டி சொல்லிட்டாரு."

சாம்பார் மணம் பசியைக் கிளப்பியது. உட்காரத்தான் நினைத்தார். ஆனால் தெருமுனையில் அவருடைய பங்காளி ஆனந்தராஜ் டீக்கடை வைத்திருக்கிறான். இவர் வண்டி காலனிக்குள் திரும்பியதை எட்டிப் பார்த்தவன். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். அந்த நினைப்பு வந்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது.

"இல்லம்மா... நான் காசியில வெளிச் சாப்பாட்டையே உட்டுட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் சோறு போடுவதற்கு முன்பே மறைக்கப் பார்த்தார். மீனம்பாள் கரண்டியோடு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கொத்தவரங்காயும் அத்திப்பழமும் என்று அவளிடம் வந்து சொன்னவர் அவர்தானே.

துரைக்கண்ணு உத்தரணியைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

"ஆமா மீனா. நான் பக்கத்துலதான நின்னுனு இருந்தேன். காய், பழத்தோட அதையும் சொன்னாரு. நான்தான் உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். கங்கையில குடுத்த வாக்கு, வற்புறுத்தாத."

தண்ணீரில் மணிக்கட்டைப் பிடித்தபோது இருந்த அதே நிதானமான குரல். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட பாண்டுரங்கன் தாங்கியிருப்பார். காசிக்குப் போய் வந்த மனுஷன், பூஜை முடித்த ஈரம் காயாத கையோடு, இவருக்காகக் கங்கை பேரில் பொய் சொல்கிறார். பாண்டுரங்கனுக்கு உடம்பு கூசிப்போயிற்று. மீனம்பாள் குனிந்து, தண்ணீர் தெளித்த இலையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "வரேன்" என்று யாரிடம் சொன்னோம் என்றுகூடத் தெரியாமல் பாண்டுரங்கன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

தெருமுனையில் ஆனந்தராஜ் கைகாட்டி வண்டியை நிறுத்தினான்.

"இன்னாண்ணே, அங்க கை நனைச்சியா?"

"இல்ல."

"அதான பாத்தேன்" என்று சிரித்து, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மசால்வடை ஒன்றைத் தாளில் வைத்து அவர் கையில் திணித்தான். அந்த 'இல்ல' இன்னும் நாக்கில் கசந்தது. பசியில் யோசிக்காமல் கடித்தார். பாதி வடை உள்ளே போன பிறகுதான், வெளிச் சாப்பாட்டை விட்டவன் நான் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

அதே நேரம் பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

துரைக்கண்ணு. ஆண்டாளுக்கான சின்னச் செம்பை இவர் மறந்துவிட்டு வந்திருந்தார். இந்த வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே மிதித்து வந்திருக்கிறார். காலை ஊன்றி நின்றவரின் கண் வடையில் விழுந்தது, எண்ணெய் மின்னும் உதட்டில் விழுந்தது. உடனே முகத்தை உயர்த்தி, பிறந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்துச் சலித்த ராஜகிரிக் கோட்டையை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னா வெயிலு சார், மல வெந்துடும் போலக்கீது" என்று மலையிடமே சொல்லிக்கொண்டு செம்பை நீட்டினார்.

தீர்த்தத்தை இடது கையால் வாங்கக்கூடாது. வலது கையில் பாதி வடை சுட்டுக்கொண்டிருந்தது. ஆனந்தராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, துரைக்கண்ணு திரும்பாமல் கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.