கம்பு குடித்த தொட்டி

மண்டபக் கமிட்டியின் அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் சன்னாசி, மேற்குச் சுவரின் நடு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கைவைத்த நாற்காலியில். பொருளாளர் பஞ்சாலை அம்மாள், அவருக்கு வலப்பக்கம், அடுத்த ஜன்னலை அடைத்துக்கொண்டு. உறுப்பினர் மகேந்திரன், இடப்பக்க ஜன்னலோரம், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி. செயலாளர் அமிர்தலிங்கம், மூலை ஜன்னலுக்கு முன்னால், மேசையோடு. கமிட்டியில் இல்லாத லெட்சுமி, செயலாளரின் மனைவி என்ற முறையில், சமையற்கட்டு வாசலில் ஒரு ஸ்டூலில்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதாமல் அமிர்தலிங்கம் எந்தக் கூட்டத்தையும் ஆரம்பித்ததில்லை. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்துப் பழக்கம். இவ்வளவு பெரிய மண்டபத்தில் எல்லோரும் ஏன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள் என்று மற்ற நாளாக இருந்தால் கேட்டிருப்பார். இன்றைக்குக் கேட்கவில்லை. தன்னுடைய நாற்காலியை எதற்காக மூலைக்கு இழுத்துப் போட்டார் என்பது அவருக்கே தெரியும்.

"கிராணி, எழுதுலா," என்றார் சன்னாசி. "பாரோய்ல இருக்கிற ஹேமநாதன் அவர்களுக்கு. ஜன்னல் கழுவ நீங்க கொண்டாந்த கம்பு எங்க டேங்கிய முழுசா குடிச்சிருச்சி. லயத்துல குடிக்கத் தண்ணி இல்ல. இனிமே தோட்டத்துப் பக்கம் கம்பு வரக்கூடாது. அவ்வளவுதான்."

நடந்தது இது. பகாவ் வட்டாரம் முழுக்கத் தண்ணீர்த் தடை என்று அறிவிப்பு வந்தது. மண்டபத் தொட்டியை வழிய வழிய நிரப்பி, தடை முடியும்வரை லயத்து வரிசை வீடுகளுக்கு அதுதான் என்று முடிவு செய்தார்கள். தடை தொடங்கிய நாளிலேயே ஹேமநாதன் வேனில் வந்து மண்டபத்து ஜன்னல்களைக் கழுவினான். அவனை வரச்சொன்ன கமிட்டிக் கடிதத்தில் தேதியைக் குறித்தாகிவிட்டது, குறித்த தேதியை மாற்றுவது அமிர்தலிங்கத்துக்குப் பிடிக்காது. மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

"நான் என் கண்ணால பாத்தேன் அண்ணே," என்றார் பஞ்சாலை. "கீழ நின்னுக்கிட்டே கூரை வரைக்கும் கம்ப நீட்டுறான். கம்புக்குள்ளாற தண்ணி ஏறுது, நுனியில பிரஷ்ஷு, அதுலேருந்து சோன்னு கொட்டுது. ஏணி இல்ல, சோப்பு இல்ல. கழுவி முடிச்சிட்டுத் தொடைக்கக்கூட இல்ல! சொட்டச் சொட்ட அப்படியே விட்டுட்டுப் போயிட்டான்."

"தானா காயும்னு சொன்னாரு அங்கிள்," என்றான் மகேந்திரன். "காஞ்சா கறை இருக்காதாம்."

"என் வேட்டிகூடத்தான் தானா காயும். சோப்புப் போடாம துவைச்சிருவியா?" என்றார் சன்னாசி. "எழுது கிராணி."

அமிர்தலிங்கத்தின் பேனா நகரவில்லை. ஹேமநாதன் அவருடைய மாப்பிள்ளை. போன வருடம் பேக்டரி வேலையை விட்டுவிட்டு அவன் இந்தக் கம்பை வாங்கியபோது, மாமனார் பக்கம் பக்கமாக ஒரு கடிதம் எழுதினார். ஒட்டடைக் கம்பை நம்பியா என் பெண்ணைக் கொடுத்தேன் என்று முடித்திருந்தார். அதற்குப் பதில் வரவில்லை. மகள் ஷாமினியும் வரவில்லை. போன தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை லெட்சுமி தை மாதம் வரைக்கும் டின்னில் வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வராத அமிர்தலிங்கம், மண்டப ஜன்னல்களில் செம்பனைக் குலை லாரிகளின் செம்மண் படிந்திருப்பதாகக் கமிட்டிக்கு மனு எழுதி, அந்த வேலை மாப்பிள்ளைக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார். அப்படித்தான் அவன் வந்தான். இப்போது அப்படி இன்னொரு கடிதம் போனால் முதலில் படிப்பது மகள்தான்; மாப்பிள்ளையின் கம்பெனிக்கு வரும் தபாலைப் பிரிப்பவள் ஷாமினி. இந்தத் தீபாவளியும் போய்விடும்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடம் அவருக்கு. அன்று பகாவ் தபாலாபீசுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியவர், கண்ணாடிகள் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மாப்பிள்ளை அரைகுறையாக விட்டுப் போயிருக்கிறான், யாரும் பார்ப்பதற்குள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று மூலை ஜன்னலில் சோப்பைக் கரைத்து அடித்தார். ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு, துடைக்கப் பழைய பத்திரிகையைக் கசக்கினார். கசக்கிய தாளில் அவருடைய பெயர் இருந்தது. அவர் எழுதி வெளிவந்த வாசகர் கடிதம். தலைப்பு: தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவோம். உட்கார்ந்து படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதனால் மறுபடியும் படித்தார். குழாய் பாட்டுக்கு வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது.

அது கொஞ்சம்தான், பெரும்பாலும் கம்புதான் குடித்திருக்கும் என்று நேற்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லெட்சுமி தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். சன்னாசி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையை மறுபடி நீட்டினார். இரண்டாவது கோப்பை பாதியில் இருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தங்கச்சி, தண்ணி ஏது?"

"குடிங்கண்ணே, ஆறிடும்."

"இல்லலா, ஊரே காஞ்சி கெடக்கு. தண்ணி ஏதுன்னு கேக்குறேன்."

"அந்தக் கம்புக்காரன் வச்சிட்டுப் போனது," என்றாள் லெட்சுமி. "வேன்ல ரெண்டு பீப்பாய் தண்ணி அவனே கொண்டாந்தான். சுத்தம் பண்ணின தண்ணியாம், அதுலதான் கறை விழாதாம். நம்ம டேங்கிப் பக்கமே அவன் போகல. எல்லா ஜன்னலும் கழுவி ஒரு பீப்பாய்கூட முடியல. மிச்சத்த, 'அத்தை, தண்ணி இல்லன்னாங்க, குடிக்க வச்சிக்குங்க'ன்னு இந்தச் சமையக்கட்டுல எறக்கி வச்சிட்டுப் போனான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் பஞ்சாலை.

"நான் கமிட்டியில இல்லையே. கேட்டாத்தானே சொல்லலாம்."

சன்னாசிக்கு நம்பிக்கை வரவில்லை. பீப்பாயைக் கண்ணால் பார்க்க எழுந்து சமையற்கட்டுக்கு நடந்தார். அவர் எழுந்த இடத்தில் சாயங்கால வெயில் உள்ளே விழுந்தது. மேல்வரிசைக் கண்ணாடியில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பின்னால் இருந்த செம்பனை மரங்கள் ஓலை ஓலையாகத் தெரிந்தன. கீழ்வரிசையில், சன்னாசியின் நாற்காலிக்குப் பின்னால், வெள்ளை வெள்ளையாகச் சோப்புச் சுழிகள், கை எட்டும் உயரம் வரை.

"ஐயோ அண்ணே!" பஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டார். "என்னாண்ணே இது, மாவரைச்ச ஆட்டுக்கல்லு மாதிரி?"

சன்னாசி வாசலிலேயே நின்றார். "சொட்டிக்கிட்டு இருந்திச்சி. நம்ம மண்டபமாச்சேன்னு லேசா ஒரு பைப்பு புடிச்சேன்... நீ எந்திரி பாப்போம்."

"நான் எதுக்கு எந்திரிக்கணும்? எனக்கு முட்டி வலி."

"எந்திரிம்மா!"

பஞ்சாலை எழுந்தார். அவருடைய ஜன்னலில் சுழி இல்லை, கோடுகள். "பெருக்குமாறுல தேச்சேன். வாளித் தண்ணிதான்," என்றார். எத்தனை வாளி என்று யாரும் கேட்கவில்லை. மகேந்திரனைப் பார்த்தார்கள். அவன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டான்.

"மோட்டார் சைக்கிள கழுவுனேன் அங்கிள். அப்படியே ஜன்னலுக்கும் கொஞ்சம்..."

இப்போது எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். அமிர்தலிங்கம் உட்கார்ந்தே இருந்தார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. கிராணி அப்படிச் செய்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பார். லெட்சுமியின் கையிலிருந்த காலிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து, ஒதுங்கி நின்றார்.

மற்ற மூன்று ஜன்னலையும்விட அவருடையதுதான் மோசம். சோப்புக்கு நடுவே பத்திரிகை மை ஒட்டி, தலைகீழாக அரை வரி வாசிக்கும்படி இருந்தது.

"குழாய மூட மறந்து படிச்சிக்கிட்டிருந்தேன்," என்றார். "தொட்டி காலியானதுல பெரும்பங்கு என்னோடது. எழுதிக்குங்க." பிறகுதான் எழுதுகிறவர் தாமே என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"பத்திரிகை ஈரமா வந்தப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் லெட்சுமி.

சன்னாசி சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிலா. கமிட்டி கழுவிருச்சின்னு பொத்தாம் பொதுவா போடு. பேரெல்லாம் வேணாம்."

"பேர் இல்லாம கடிதம் கெடையாது," என்றார் அமிர்தலிங்கம். உட்கார்ந்திருந்த வரிசையிலேயே எழுதினார்: சன்னாசி குழாயால், பஞ்சாலை வாளியால், மகேந்திரன் மோட்டாரை முன்னிட்டு, அமிர்தலிங்கம் கவனக்குறைவால் தொட்டியைக் காலி செய்தார்கள். தங்கள் கம்பின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கீழ்வரிசைக் கண்ணாடிகளை நாங்கள் கெடுத்துவிட்டபடியால், தண்ணீர் திரும்பியதும் மறுபடி வந்து கழுவித்தரக் கேட்டுக்கொள்கிறோம். இம்முறை யாரும் தொடமாட்டோம்.

நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். மகேந்திரன், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இப்பவே போயிடுமே என்றான். போன வருடத்துக் கடிதம் தபாலில் போனது, இதுவும் தபாலில்தான் போகவேண்டும் என்றார் அமிர்தலிங்கம்.

மற்றவர்கள் போனபின் தாளின் அடியில் இன்னும் கொஞ்சம் எழுதினார். லெட்சுமி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "மாப்பிள்ளைக்கு, போன வருடம் நான் எழுதியது தப்பு. தீபாவளிக்கு முதல் நாளே ஷாமினியோடு வரவும். கம்பையும் கொண்டுவரலாம், நம் வீட்டு ஜன்னலும் அழுக்காகத்தான் இருக்கிறது."

"முறுக்குன்னும் ஒரு வார்த்த எழுதுங்க."

எழுதினார். தாளை மடித்து உறையில் போட்டார். உறையின் பசையை நனைக்க மேசையில் எப்போதும் இருக்கும் பஞ்சு காய்ந்து கிடந்தது. வீட்டுக் குழாயிலும் மண்டபக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை; குடிக்க வைத்த பீப்பாய்த் தண்ணீரைப் பசைக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. தன் கோப்பையின் அடியில் மிச்சமிருந்த தேநீரில் விரலைத் தொட்டு, பசைமேல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்து, அழுத்தி ஒட்டினார். மூடியோரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. வேறு உறை எடுக்கலாமா என்று யோசித்தார், எடுக்கவில்லை. பகாவுக்குப் போகும் கடைசி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு, கடிதத்தோடு ஓடிப்போய் ஏறினார்.