அக்காவின் கால்

மூன்றாவது முறை விழுந்து எழும்போது சின்னத்தங்கத்தின் வலது முழங்கால் நிமிர மறுத்தது. சுடுமணலிலேயே கிடந்தாள். அடி அழிப்பதென்றால் விழுந்து கும்பிட்டு, கை எட்டிய இடத்தில் கோடு கிழித்து, எழுந்து அந்தக் கோட்டில் நின்று மறுபடி விழவேண்டும். அம்மன் கோயிலை முழுச்சுற்று. ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட புருசன் உயிரோடு வந்தால் செய்வதாக வைத்த நேர்த்தி. இளையதம்பி வந்துவிட்டான்.

"எழும்பு புள்ள," என்றாள் அக்கா சீதேவிப்பிள்ளை. "ஏலாட்டி நான் முடிக்கிறன். ஒரு வயித்துப் புள்ளையள்தானே, அம்மன் ஏற்பா."

ஈரச்சீலையை இறுக்கிச் செருகிக்கொண்டு அக்கா விழுந்தாள், எழுந்தாள். குமரிபோல எழுந்தாள்.

சின்னத்தங்கம் வேம்பின் நிழலுக்கு நகர்ந்து காலை நீட்டினாள். இருவரும் ஒரே வாவியில் குந்தியிருந்து கையால் இறால் தடவி வளர்ந்தவர்கள். 'வளைகாலி' என்ற பட்டம் மட்டும் இவளுக்கு. போன மாதம் ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கால் எலும்பு பிறப்பிலேயே வளைவு, பாரம் முழங்காலின் உட்பக்கத்தில் விழுந்து அங்கே தேய்ந்துவிட்டது, பெண்களுக்கு இப்படி வயதாகுமுன்பே வருவதுண்டு என்றாள்.

"அக்காவுக்கும் வருமா டொக்டர்?"

"வெளியில நிக்கிறவங்களா? அவங்கட கால் நேர்தானே. கவலப்படாதீங்க."

கவலையில் கேட்டதாக டொக்டர் நினைத்துவிட்டாள்.

இளையதம்பி செம்பில் தண்ணீரோடு அக்காவின் பின்னால் போய்க்கொண்டிருந்தான். முகாமிலிருந்து வந்தபிறகு யார் முகத்தையும் பார்க்காதவன், நிழலைத் தாண்டும்போது சிரித்தான்.

"மச்சாளுக்கு நல்ல கால். நீ இரி. அவ முடிச்சிருவா."

முகாம் முகாமாக அவனைத் தேடி அலைந்தது இந்தக் கால். அது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

சுற்று முடியும் வாசலுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் அக்கா மூச்சு வாங்க நின்றாள். சின்னத்தங்கம் மரத்தைப் பிடித்து எழுந்து, நொண்டி நொண்டிப் போனாள்.

"விலகுக்கா."

"கால முறிச்சிக்குவாய் புள்ள!"

"முறியட்டும். அவர் என்ர புருசன்."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு விலகினாள். மணலில் அவள் கிழித்த கோடு இருந்தது. சின்னத்தங்கம் அதைக் காலால் அழித்தாள். ஒரு சாண் பின்னால் புதுக்கோடு கிழித்து, அதில் நின்று விழுந்தாள்.

கையை நீட்டிக் கோடு போட்டாயிற்று. எழும்ப முடியவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் அக்காவின் இரண்டு பாதங்கள், ஈரமணல் அப்பி, நேராக நின்றன. மேலேயிருந்து ஒரு கை இறங்கி வந்தது.