இரண்டு விரல் குறைந்த சியாக்காப்

அண்ணன் செத்து எட்டாம் நாள். சாயங்காலம் படையல். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். ஆட்டுக்கறி ஆயிற்று, கறுப்பு பீர் ஆயிற்று, மீன்தான் பாக்கி.

"மார்க்கெட் மீனு வேணாம் தம்பி. வளர்ப்பு சியாக்காப்ப அவரு வாயில வைக்கமாட்டாரு. பாரிட்டுல புடிச்சிட்டு வாங்க லா" என்றார் பிரமிளா அண்ணி. இந்த எட்டு நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் இதுதான். விளக்கேற்றுவதற்குள் ஒரு மீனாவது கொண்டுவந்துவிட வேண்டும். அண்ணனுடைய தூண்டிலையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சேதி கேட்டு, நான் வேலை பார்க்கும் ஜெலாப்பாங்கிலிருந்து அண்ணன் வீடு இருக்கும் பாகான் டத்தோவுக்குக் கார் ஓட்டி வந்தபோதும் சரி, அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் சரி. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை. கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் பேசியிருப்பார்கள். பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

தோட்டத்துச் செம்பனையைத் தாண்டிக் கடலுக்குப் போகிற பெரிய கால்வாய்தான் பாரிட். கரையில் தூண்டில்காரர் சங்கத்தின் பலகை. ஆளுக்கு இரண்டு தூண்டில்தான். வலை கூடாது. மதகு திறக்கும் நேரத்தில் யாரும் கரையில் நிற்கக் கூடாது. நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சியாக்காப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். கடைசி விதி, சங்கத் தலைவராக இருந்த என் அண்ணன் கோகிலன் சண்டை பிடித்துக் கொண்டுவந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் நான் பிடித்த மீனை எல்லார் முன்னாலும் அளந்து, "என் தம்பி புடிச்சா மீனு வளந்துருமாடா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் விட்டான். எனக்கு மானம் போயிற்று. அதோடு இந்தக் கரைக்கு வருவதை நிறுத்திவிட்டேன். போன மாதம்கூடக் கூப்பிட்டான். ஓவர்டைம் என்றேன். ஓவர்டைமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

உயிர் இறாலைக் கோத்துப் போட்டேன். மூன்று மணிவரை இரண்டு கெளுத்திதான் கிடைத்தன. அண்ணன் கெளுத்தி தின்னமாட்டான். ஐந்து மணிக்கு மதகு திறப்பார்கள், அதற்கு மேல் நிற்க முடியாது. நாலரைக்குத் தூண்டில் வளைந்தது. மீன் ஒருமுறை துள்ளிப் பளிச்சென்று தெரிந்தது. சியாக்காப்.

கரையோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீர் தேத்தண்ணியோடு வந்தார். சங்கத்தை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மீனை அளவுப் பலகையில் வைத்து அளந்தேன். இரண்டு விரல் குறைவு.

ஜஹாங்கீர் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. அவருக்குத்தானே. இன்னைக்கி யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க லா." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மதகுச் சங்கு ஊதியது. இன்னொரு மீனுக்கு நேரமில்லை. அதை வாளியில் போட்டேன். தப்பு செய்கிறோம் என்றுகூட உறுத்தவில்லை.

அண்ணி அடுப்படியில் இருந்தார். மீனைத் தொட்டியில் போட்டதும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் வைத்துப் பார்த்தார். இருபது வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவருக்கு அளவு தெரியாதா?

"தம்பி, இது பத்தாதே."

"தெரியும் அண்ணி."

"இத இலையில வச்சா அவரு எந்திரிச்சு வந்து உங்கள ஏசுவாரு."

வழக்கம்போலச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏசட்டும் அண்ணி" என்றேன். "அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. எல்லார் முன்னாலும் ஏசட்டும். மீனைப் பிடுங்கித் தண்ணீரில் எறியட்டும். எனக்கு என் அண்ணன் வேண்டும். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி கத்தியை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தார்.