ஓரகத்தியின் தண்ணீர்

ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உத்தியோகம் வாய்த்தால் என்ன ஆகும் என்று மூத்தவளைக் கேட்டால் சொல்லுவாள். அவள் பால் ஆலையில் கழிவுநீர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டாள். கொழுந்தன் மனைவி, அதே கால்வாயின் ஓரம் இருந்த காகித ஆலையில் அதே வேலையைப் பார்த்தாள். அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் கால்வாயில் விட வேண்டும். விடுகிற தண்ணீரைச் சோதித்து, வந்த எண்ணை மாதாமாதம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஆலைக்காரர்களே பதிய வேண்டும். அளவு தாண்டினால் தாண்டியது என்று சொல்வதும் அவர்களேதான்.

"நம்ம தப்பை நாமளே எழுதி, கீழே கையெழுத்தும் போடுற பொழப்பு" என்பாள் மூத்தவள்.

அந்த எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வினை அங்கேதான் பிடித்தது. மாதம் பிறந்தால் மூத்தவள் தன் கணக்கைத் திறப்பதற்கு முன்னால் காகித ஆலையின் கணக்கைத்தான் திறப்பாள். தண்ணீரில் மிஞ்சிய அழுக்குக்கு வாரியம் போட்ட எல்லை லிட்டருக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம். சின்னவள் எண் நூற்று இருபதைச் சுற்றியே கிடக்கும். மூத்தவள் எண்ணோ இருநூற்று நாற்பதில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். போன வருஷம் இரண்டு தரம் எல்லை தாண்டி, தாண்டியதை அப்படியே எழுதி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"பக்கத்து ஆலையால முடியுது, நம்மால முடியலையா?" என்றார் மேனேஜர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது புருஷன் சாதாரணமாகச் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "சின்னவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கேட்பதா? தனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்தவளிடமா? அடுப்பை அணைக்க மறக்கிறவள், சாவியை வைத்த இடம் தெரியாமல் வீட்டையே கலைக்கிறவள், தண்ணீரில் மட்டும் எப்படி இத்தனை சுத்தம்? யோசிக்க யோசிக்க ஒரு பதில் கிடைத்தது. எண்ணைப் பொய்யாகக் குறைத்து எழுதுகிறாள். வேறென்ன. அந்த நினைப்பு மூத்தவளுக்கு இதமாக இருந்தது. அவளுக்குப் பேர் இருக்கலாம், எனக்கு நாணயம் இருக்கிறது என்று கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த மாதம் பால் ஆலையில் ப்ளோயர் நின்றுபோனது. தொட்டியில் காற்று அடிக்கும் இயந்திரம் அது. காற்று இல்லையென்றால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ரிப்பேர் முடிவதற்குள் தொட்டி கறுத்து, அழுகல் நாற்றம் கேண்டீன் வரை வந்தது. மாதிரியைச் சோதித்தாள். இருநூற்று எண்பத்தாறு. இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். அதேதான்.

பதிய உட்கார்ந்தவள், பழக்க தோஷத்தில் முதலில் காகித ஆலையைத் திறந்தாள். நூற்றுப் பதினெட்டு.

அவள் செய்வதைத்தானே நானும் செய்யப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருநூற்றுப் பதினான்கு என்று அடித்துக் கையெழுத்தைப் போட்டாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

இரண்டு நாள் கழித்து, மாடியில் துணி காயப்போடும்போது சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க எண்ணைப் பார்த்தேன். ப்ளோயர் நின்னுபோச்சுன்னு புலம்புனீங்களே, அப்பவும் இருநூத்துப் பதினாலா? எப்படிக்கா சமாளிச்சீங்க?"

கேலி இருக்கிறதா என்று மூத்தவள் அவள் முகத்தைத் துழாவினாள். இல்லை. கண் விரிய, நிஜமாகவே வியந்துபோய் நின்றாள். இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை கடைசியில் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் வெல்லம் தின்றதுபோல இனித்தது, உடனே குமட்டியது.

"ஏதோ பண்ணினேன்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் முகம் தொங்கிப்போய் வீடு வந்தாள். என்னவென்று புருஷன்மார் கேட்க, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். "ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடட்டும்னு ஒரு வருஷமா ஸ்பேர் ப்ளோயர் கேட்டுக்கிட்டிருந்தேன். வாங்கறதா இருந்தாங்க. நான்தான் வாய் வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, எங்க அக்கா ப்ளோயர் இல்லாமலே அளவுக்குள்ள கொண்டு வந்துட்டாங்கன்னு பெருமை அடிச்சேன். அப்ப நமக்கு எதுக்கும்மா ஸ்பேருன்னு பைலை மூடிட்டார் எங்க மேனேஜர்."

"உன் அண்ணி கெட்டிக்காரி" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தான் மூத்தவளின் புருஷன். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மூத்தவள் சாப்பிட்ட பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள். காகித ஆலையின் ப்ளோயரும் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு அந்தக் கால்வாயில் போகப்போகிற அழுக்குக்கு, இப்போதே தன் கையெழுத்து விழுந்துவிட்டது. பாத்திரம் துடைக்க வந்த சின்னவளிடம் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அது இருநூத்துப் பதினாலு இல்ல. இருநூத்து எண்பத்தாறு."

சின்னவள் துணியைக் கீழே வைத்தாள். "மாத்தி எழுதினீங்களா? நீங்களா?"

"நானேதான்."

"ஏன்க்கா?"

"எல்லாரும் எழுதறதுதானேன்னு நெனச்சேன்."

"எல்லாரும்னா யாரு?" அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "என்னையா சொல்றீங்க? இத்தனை நாளா என்னோடதும் பொய்யின்னா நெனச்சீங்க?"

மூத்தவள் ஆமாம் என்று தலையாட்டினாள். சின்னவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூத்தவள் வாரியத்துக்குத் திருத்தம் அனுப்பினாள். பழைய எண், சரியான எண், மாற்றியது யார், எல்லாம் எழுதினாள். மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யாருமே கேட்காத கேள்விக்கு நீங்களா போய் பதில் சொல்லியிருக்கீங்க" என்றார். ஆலைக்கு நோட்டீஸ் வந்தது. அவளுக்குச் சம்பள உயர்வு நின்றது. இனி அவள் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதுதான் அதிகம் வலித்தது. ஆனால் வாரியத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தக் கால்வாயில் தண்ணீர் விடும் இரண்டு ஆலைகளிலும் ஸ்பேர் ப்ளோயர் இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் சின்னவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். 'உப்பு', 'சாவி', 'போன் வந்துச்சு' என்று ஒற்றை வார்த்தைகளில் குடும்பம் நடந்தது. பிறகு ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மூடி இறுக்கிய ஒரு பாட்டிலை மூத்தவளின் பைக்குள் வைத்தாள்.

"எங்க ஆலையில வெளியேத்துற தண்ணி. இப்பத்தான் ஆளை விட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். உங்க லேப்ல உங்க கையாலயே போட்டுப் பாருங்க."

"தேவையில்லம்மா. நான் நம்பறேன்."

"நம்ப வேண்டாம். பாருங்க."

பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது. தலை குனிய வேண்டிய இடம் அது, குனியவும் குனிந்தது. ஆனால் அதற்கும் அடியில் பழைய எரிச்சல் அணையாமல் கனன்றது. பொய்யாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே தன்னைவிட நன்றாகச் செய்கிறாள், அதற்கு மருந்து எங்கே?

சாயங்காலம் காலிப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு சின்னவள் அறை வாசலில் போய் நின்றாள். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எப்படி இவ்வளவு கம்மியாக் கொண்டு வர்றே? சொல்லு" என்றாள்.

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி, உட்கார இடம் விட்டாள்.

"முதல்ல உங்க தொட்டிக்குள்ள என்னென்ன தண்ணி வருதுன்னு சொல்லுங்க. அளவை ஏத்துற மோரும் அதோடயே கலந்துதான் வருதா?"