வாய்தா வாங்கிக் கொடுத்தவன்

நாளைக் காலை கோர்ட்டு. யூசுப் கட்டிலில் உட்கார்ந்து, தன் வயிற்றின் மேல் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினான். பெண்டாட்டிக்குப் பிரசவம், பத்தே நாளில். அதற்குள் எப்படியாவது வெளியே போயாக வேண்டும்.

தொண்ணூற்றொன்பதில், நியூஜெர்சியில் விசா தீர்ந்தவர்களை அடைத்துவைக்கிற ஒரு பழைய கிடங்கு அது. யூசுப் துருக்கிக்காரன். தர்சோனோ இந்தோனேசியாக்காரன். கிட்டுசாமி எடிசன் நகரத்து ஓட்டலில் தோசை வார்த்தவன். இங்கிலீஷ் படிக்க வரும், பேச வராது. மற்ற இருவருக்கும் அதுவும் இல்லை. ஆனால் முதல் நாளே கிட்டுசாமி ‘வக்கீல்’ என்று புலம்ப, யூசுப் ‘வெகீல்’ என்றான், தர்சோனோ ‘வகில்’ என்றான். ‘ஜாமீன்’ என்றதும் தர்சோனோ ‘ஜாமின், ஜாமின்’ என்று எழுந்தே விட்டான். எந்தக் காலத்திலோ அரபு தேசத்தில் கிளம்பிய சொற்கள், மூன்று நாட்டுக் கோர்ட்டு கச்சேரிகளிலும் புழங்கிவிட்டு இங்கே வந்து சந்தித்துக்கொண்டன.

ஊரில், கோபியில், பதினெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த கிட்டுசாமிக்குக் கோர்ட்டு தெரியாதா என்ன?

“வாய்தா கேளு. வக்கீல் வெக்கோணும், டைம் வேணும்னு சொல்லு. இழுத்தடிச்சாத்தான் கேஸ் நிக்கும். வாய்தா!”

“வாதே?” யூசுப் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.

“அதேதான்டா ராசா!”

மறுநாள் மதியம் யூசுப் துள்ளிக்கொண்டு வந்தான். போனில் மொழிபெயர்த்தவர் பேசியது சரியாகக் கேட்கவில்லையென்று காதைத் தொட்டுக் காட்டினான். போகட்டும், வாதே கிடைத்துவிட்டது! காகிதத்தை நீட்டினான்.

கிட்டுசாமி படித்தான். அவகாசம் கேட்டதால் அடுத்த விசாரணை நவம்பர் ஒன்பது. ஜாமீன் பேச்சும் அன்றைக்குத்தான். அதுவரை காவல். இன்று செப்டம்பர் பதினான்கு.

அடப்பாவி கிட்டுசாமி! ஊரில் வாய்தா வாங்கினவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான். இங்கே வாய்தா முழுக்க உள்ளேதான் என்பது உன் மண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? ஜாமீனைக் கேளென்று சொல்லியிருந்தால் ஒருவேளை இன்றைக்கே விட்டிருப்பார்கள்.

“யூசுப்பு... தப்பு பண்ணிப்போட்டனடா. எட்டு வாரம்டா. எட்டு!” எட்டு விரலை விரித்தான்.

கிட்டுசாமியின் முகத்தைப் பார்த்த தர்சோனோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யூசுப்போ விரல்களை எண்ணிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். எட்டே நாளா! பிரசவத்துக்கு ஒரு நாள் முன்பே போய்விடலாமே!

“வெகீல், வெகீல்” என்று கொஞ்சியபடி, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மதியச் சாப்பாட்டில் தின்னாமல் வைத்திருந்த ஆப்பிளை அவன் கைக்குள் வைத்து அழுத்தினான்.