உள்ளங்கை படாத பந்து

முத்தியால்பேட்டை வாலிபர் குழுவில் அல்போன்ஸை விட உயரமானவன் யாரும் இல்லை. கூடையில் பந்து போடுவதில் அவனை விட மோசமானவனும் யாரும் இல்லை.

பிரான்சிலிருந்து வந்த தேகப்பயிற்சி வாத்தியார் ஒருவர் அந்த ஆட்டத்தை ஊருக்குள் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூட மைதானத்தின் இரண்டு கோடியிலும் கம்பம் நட்டு, பலகை அடித்து, இரும்பு வளையத்தில் வலை கட்டிவிட்டிருந்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் 'பாஸ்கெத்'. அல்போன்ஸ் கைக்குப் பந்து வந்துவிட்டால் எதிராளிகள் நிம்மதியாக இடுப்பில் கைவைத்து நின்றுகொள்வார்கள். அவன் பந்தை நெஞ்சோடு அணைத்து, பல்லைக் கடித்து, நெல்மூட்டையை வண்டியில் ஏற்றுகிறவன் போல வீசுவான். பலகை அதிரும். பந்து மதிலைத் தாண்டித் தென்னந்தோப்பில் போய் விழும்.

"ஏண்டா, கூடை இங்க இருக்குது. நீ சேதராப்பட்டுக்குக் குறி வைக்கிறியே!" என்பான் குழுத் தலைவன் பிரகாசம். அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். குள்ளமானவன், வாய் மட்டும் பெரிது.

முப்பத்தாறாம் வருஷம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு அல்போன்ஸுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ஜெனவியேவ். அவளுடைய அப்பா சைகோன் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். புகுந்த வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் கூடத்தில் நின்று "அல்போன்ஸ்! காப்பி ஆறுது!" என்று குரல் கொடுத்தாள். மாமியார் சூசைமேரியின் கையிலிருந்த முறம் நழுவியது.

"புருஷன் பேரையா சொல்ற?"

"வேற யார் பேரைச் சொல்லிக் கூப்பிடறது அத்தை?" என்று அவள் உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். நாத்தனார் லூர்துசெல்வி சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டத்துக்கு ஓடினாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சாயங்காலம், வாரு அறுந்துபோன பந்தைத் தைப்பதற்காக அல்போன்ஸ் வீட்டுக்கு எடுத்துவந்தான். தைத்து முடித்து, மொட்டைமாடியில் காற்றடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துணி எடுக்க வந்த ஜெனவியேவ் நின்றாள். பந்தைப் பார்த்தாள். கொடியிலிருந்து எடுத்த துணிகளை அப்படியே கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு அதைக் கையில் வாங்கினாள்.

முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு காலையும் சமமாக ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, நிமிர்ந்தாள். பந்து துணிக்கொடிக்கு மேலே வளைந்து போய், அந்தப் பக்கம் வைத்திருந்த காலித் தொட்டிக்குள் பொத்தென்று விழுந்தது.

அல்போன்ஸுக்கு வாய் மூடவில்லை. "எங்க கத்துக்கின?"

"சைகோன்ல, பள்ளிக்கூடத்துல. எங்க குழுவுக்கு நான்தான் கப்பித்தேன்."

"நீ? குழுத் தலைவியா?"

"ஏன், நீங்க ஆடுவீங்களா?"

அவன் ஆடிக் காட்டினான். பந்து அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போனது.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பிடித்தது. அவன் போய்ப் பந்தை வாங்கி வந்ததும், அவன் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உள்ளங்கையால புடிக்கிறீங்க. அதான் தப்பு. விரல்தான் பந்தைத் தாங்கணும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவுல காத்து போவணும்."

அன்றிலிருந்து வேலைவிட்டு வந்ததும் மாடியில்தான் பாடம். முதலில் அவனைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னாள். படுத்தபடியே பந்தை நேராக மேலே விட வேண்டும், அது நேராகத் திரும்பிக் கைக்கே வர வேண்டும். கோணலாக விட்டால் மூக்கில் விழும். இரண்டு தடவை விழுந்தது. முழங்கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி விரிந்தால் பந்து கோணும் என்பது மூக்கு வலித்த பிறகு அவனுக்கே புரிந்தது.

சத்தம் கேட்டு மேலே வந்த சூசைமேரி, மகன் மல்லாந்து கிடப்பதையும் மருமகள் தலைமாட்டில் நிற்பதையும் பார்த்து, "ஐயோ மாதாவே! புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்று அலறினாள்.

"ஒண்ணுமில்லம்மா, பாடம்" என்றான் அவன், படுத்தபடியே.

பிறகு எழுந்து நின்று பழகினான். "பலம் கையில இல்ல அல்போன்ஸ், முட்டியில இருக்குது. முட்டி தூக்கட்டும், கை வழி காட்டினா போதும். பந்து போனப்புறமும் விரலைக் கீழ இறக்காதீங்க. கண்ணு வளையத்துல இருக்கணும், பந்தைப் பாக்காதீங்க." கொடியில் ஈரப்புடவை தொங்கும். புடவையில் படாமல் அதற்கு மேலே பந்து போக வேண்டும். பந்து உயரப் போய் இறங்கினால் கூடைக்குள் விழ இடம் அகலமாக இருக்கும், தட்டையாகப் போனால் வளையத்தில் அடித்துத் திரும்பிவிடும் என்று சுவரில் கரியால் படம் போட்டுக் காட்டினாள். ஒருநாள் பந்து மாமியார் காயவைத்த மிளகாயில் விழுந்து உருண்டது. அதை எடுத்து ஆடிய கையால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது.

மே மாதத்தில் மைதானத்தில் அவன் போட்ட பந்து, பலகையைத் தொடாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கியது. எல்லாரும் தற்செயல் என்றார்கள். மறுபடியும் போட்டான். அதுவும் விழுந்தது.

பிரகாசம் கிட்ட வந்தான். "எங்கடா கத்துக்கின?"

பதில் அல்போன்ஸின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கூட ஆடுகிற சாமிக்கண்ணு முதல் குழுவில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில படம் போட்டிருந்தான்" என்றான்.

அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரகாசம் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுத் தேசியத் திருவிழாவுக்குப் போர்க்கப்பல் ஒன்று வரப்போகிறது, கப்பல்காரர்களோடு நமக்கு ஆட்டம் வைத்திருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னான். பிறகு காப்பி கொண்டுவந்த ஜெனவியேவிடம் திரும்பினான்.

"தங்கச்சி, இவன் பாஸ்கெத் கத்துக்கினானே, அந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா. ரெண்டு நாள்ல தந்துடறேன்."

ஜெனவியேவ் புருஷனைப் பார்த்தாள். அவன் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பத்திரிகையா அண்ணா? அதுக்கு இப்ப அடுப்படியில வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிரகாசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடுப்பெரிக்கவா எடுத்துட்டாங்க?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனான்.

அவன் போனதும் அல்போன்ஸ் அடுப்படி வாசலில் வந்து நின்றான். "பொண்டாட்டிகிட்ட கத்துக்கினேன்னா சிரிப்பானுங்க."

"சிரிச்சா பந்து விழாதா?" அவள் திரும்பாமலே கேட்டாள். "அங்க நான் ஆடும்போது எங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு. இங்க நான் பத்திரிகை."

மாடிப்பாடம் நின்றது. அவள் பேசினாள், சோறு போட்டாள், ஆனால் 'அல்போன்ஸ்' என்று கூப்பிடவில்லை. சூசைமேரிக்கே அது ஒரு மாதிரி இருந்தது. "இன்னாடா செஞ்ச அந்தப் பொண்ண?" என்று மகனை அதட்டினாள்.

மைதானத்தில் நிலைமை அதைவிட மோசம். பத்திரிகைதான் போய்விட்டது, படித்தவன் சொல்லிக்கொடுக்கட்டும் என்று எல்லாரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்குச் செய்ய வந்தது, சொல்ல வரவில்லை. முட்டியை மடக்கு என்றான். கோவிந்தசாமி உட்கார்ந்தே விட்டான். விரலால் பிடி என்றான். சாமிக்கண்ணுவுக்குக் கட்டைவிரல் பிசகியது. முன்பு ஓரளவு போட்டுக்கொண்டிருந்தவர்களும் இப்போது தென்னந்தோப்புக்குப் போட ஆரம்பித்தார்கள்.

ஜூன் நடுவில் அல்போன்ஸ் மைதானத்து நடுவில் நின்று, "பத்திரிகையும் இல்ல, ஒண்ணும் இல்லடா. எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் பொண்டாட்டி" என்றான்.

அவன் பயந்தபடியே சிரித்தார்கள். கோவிந்தசாமி தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிரகாசம்தான் அதிகமாகச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கூட்டினு வா. கப்பல்காரன்கிட்ட அசிங்கப்படறதுக்குப் பதிலா தங்கச்சிகிட்ட கத்துக்கலாம்" என்றான்.

வீட்டில் அல்போன்ஸ் நடந்ததைச் சொன்னான். எப்படிச் சிரித்தார்கள் என்பதைக்கூட மறைக்கவில்லை. ஜெனவியேவ் கேட்டுக்கொண்டு நின்றாள். மாமியார் என்ன சொல்வாளோ என்று இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"ஆம்பளைங்க நடுவுல இவ மட்டும் தனியா போவறதா?" என்றாள் சூசைமேரி. பிறகு, "நானும் லூர்துவும் கூட வரோம். எனக்கும் அந்தக் கூடையைப் பாக்கணும்" என்று மறுநாளைக்குக் கட்டப் புடவை எடுத்துவைக்கப் போனாள்.

மறுநாள் மைதானத்தில் அவள் போட்ட முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. யாரோ கனைத்தார்கள். ஜெனவியேவ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மணலில் காலை அழுத்தி ஊன்றினாள். அடுத்தது உள்ளே போனது. அதற்கடுத்ததும் போனது. அதற்குப் பிறகு கனைப்புச் சத்தம் கேட்கவில்லை.

கற்றுக்கொடுப்பதில் அவள் இரக்கமே காட்டவில்லை. எல்லாரையும் வரிசையாக மல்லாந்து படுக்க வைத்தாள். பிரகாசத்துக்குத்தான் வரவே இல்லை. பந்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கும் பழக்கம் அவனை விடவில்லை. "எழுத்துக் கோக்கும்போது அச்சை உள்ளங்கையாலயா எடுப்பீங்க அண்ணா?" என்றாள். அவன் விரல்களைப் பார்த்தான். அன்று முதல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் மைதானத்து மதில் மேலெல்லாம் ஜனம். கப்பல்காரர்கள் ஒவ்வொருவரும் அல்போன்ஸ் உயரம். தொடக்கத்தில் வளையத்துக்குக் கீழே யாரையும் நெருங்க விடவில்லை. பாதி ஆட்டத்தில் முத்தியால்பேட்டை வெகுவாகப் பின்தங்கியிருந்தது. இடைவேளையில் ஜெனவியேவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கிட்ட போவாதீங்க. தூரத்துலேர்ந்தே போடுங்க. அவங்க எதிர்பாக்க மாட்டாங்க."

அப்படியே செய்தார்கள். அல்போன்ஸ் போட்டான், சாமிக்கண்ணு போட்டான். கப்பல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கப்பல்காரர்கள் ஒரே ஒரு புள்ளிதான் முன்னால், விசில் ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான். பந்து அல்போன்ஸ் கையில். இரண்டு கப்பல்காரர்கள் சுவர் போல முன்னால் வந்தார்கள். கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. அவன் குனிந்து, அவர்கள் கைக்குக் கீழே பந்தைப் பிரகாசத்துக்குத் தள்ளிவிட்டான்.

பிரகாசத்தை யாரும் சட்டை செய்யவில்லை, தனியாக நின்றிருந்தான். ஒரு கணம் திகைத்தான். பிறகு முட்டியை மடக்கினான். உதடு ஏதோ முணுமுணுத்தது. பந்து உயரப் போனது, ஆடி அசைந்து இறங்கியது, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. விசில் ஊதினார்கள். விரல்களை மேலே தூக்கியபடியே பிரகாசம் நின்றுகொண்டிருந்தான். அவனைத் தோளில் ஏற்றியபோதுகூடக் கையை இறக்கவில்லை.

கப்பல்காரர்களின் தலைவன் வியர்வை வழிய வந்து கைகுலுக்கினான். "உங்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது முசே?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"என் மனைவி" என்றான் அல்போன்ஸ், மதிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிறாற்போல. தலைவன் தொப்பியை எடுத்து ஜெனவியேவுக்குத் தலைவணங்கினான். அவளை முந்திக்கொண்டு சூசைமேரி பதில் வணக்கம் போட்டாள்.

கூட்டம் கலையும்போது, மதிலோரம் நின்றிருந்த பெண்கள் ஜெனவியேவைச் சூழ்ந்துகொண்டார்கள். நெசவு வீட்டு சுலோசனா, மருத்துவச்சி வேலை படிக்கும் ஆனந்தமேரி, அவர்கள் பின்னால் இன்னும் சிலர். "எங்களுக்கும் வருமாக்கா?" என்று சுலோசனா கேட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை மைதானம் அவர்களுக்கு. லூர்துசெல்வி எறிந்த பந்து மதிலைத் தாண்டித் தோப்பில் விழுந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெனவியேவ் அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள், பந்தைத் தட்டிப் பறித்தாள், மூச்சு வாங்க வாங்க ஆடினாள்.

"அல்போன்ஸ்! பந்தை எடுத்துட்டு வாங்க!" என்று மைதானத்து நடுவிலிருந்து கூவினாள்.

"இதோ வந்துட்டேன்" என்று அவன் தோப்புக்கு ஓடினான்.